வாதக் கட்டுரை சிக்கிக்கொண்டால்: அறிகுறி பார்த்துச் சட்டகத்தைத் திருத்தும் வழி

கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் யாரும் முதல் வேலையாகக் குளக்கட்டை உயர்த்துவதில்லை. துருசு திறந்திருக்கிறதா, வாய்க்காலில் அடைப்பு உண்டா என்று பார்த்த பிறகுதான் பெரிய வேலை. ஒப்படை எழுதும் மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கட்டுரை நகரவில்லையா, உடனே இன்னும் பத்து பிடிஎப் இறக்குகிறார்கள். கூடுதல் வாசிப்புத்தான் இருக்கிற திருத்தங்களிலேயே அதிக நேரம் தின்பது. பழுதுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே, சட்டகத்தில், அதாவது எழுதத் தொடங்கமுன் போடும் கட்டுரை வரைவில், ஒரு வாக்கியத்தை மாற்றினாலே தீரும்.

இது 1,500 முதல் 3,000 சொற்களுக்குள், ஆதாரம் தேடி எழுதும் வாதக் கட்டுரைக்கானது. பல்கலைக்கழக ஒப்படைக்கும் பொருந்தும், கல்வியியற் கல்லூரி ஒப்படைக்கும் போட்டிக் கட்டுரைக்கும் பொருந்தும். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் மலிவான காரணம் முன்னால், செலவானது பின்னால்.

## அறிகுறி: வாசிக்க வாசிக்கக் கூடிக்கொண்டே போகிறது, எழுத ஒரு வரியும் வரவில்லை

முதலில்: தாளின் தலையில் இருப்பது தலைப்பா, கேள்வியா?

"இரணைமடுக் குளமும் குடிநீர்ப் பிரச்சினையும்" என்பது தலைப்பு. அதற்கு விடை கிடையாது, ஆகவே வாசிப்பை எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. அதை "இரணைமடு நீரை யாழ்ப்பாணக் குடிநீருக்குப் பகிர்வதைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தது நியாயமா?" என்று மாற்றினால் ஆம் அல்லது இல்லை என்று ஒரு விடை உண்டு. யார், எங்கே, எந்தக் காலம், எந்தத் தீர்மானம் என்ற நான்கும் கேள்விக்குள் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். எது இல்லையோ அந்தப் பக்கமாகத்தான் வாசிப்பு வழிந்து போகிறது.

அடுத்து: கேள்வியின் காலம் கடந்துவிட்டதா?

மேலே சொன்ன கேள்வியிலேயே இந்தப் பொறி இருக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கி யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது 2010 இல். இரணைமடுக் கமக்காரரின் எதிர்ப்பு வலுத்து, பின்னர் கடல்நீரை நன்னீராக்கும் வழிக்குத் திட்டம் மாறியது. தாளையடி நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. இதற்குப் பிறகும் 2013 பத்திரிகைச் செய்திகளை வைத்துக்கொண்டு "பகிர வேண்டுமா?" என்று நிகழ்காலத்தில் எழுதினால் முதல் பக்கத்திலேயே கட்டுரை பழசாகிவிடும். கேள்வியை ஒன்றில் கடந்த காலத்துக்குத் தள்ளுங்கள்: "கடன் ஒப்பந்தத்துக்கு முன்னரே குளத்தின் கீழ் பயிர் செய்வோரின் சம்மதம் பெறப்பட்டிருக்க வேண்டுமா?" இல்லையென்றால் இன்றைய கேள்வியை எடுங்கள்: கடல்நீரைச் சுத்திகரிக்கும் மின்செலவை யார் சுமப்பது? இரண்டையும் ஒரே கட்டுரையில் போட வேண்டாம்.

அதற்கும் அடுத்து: அளவு. 2,000 சொற்கள் மூன்று காரணங்களைத் தாங்கும். அதற்குமேல் தேவைப்பட்டால் கேள்வியைப் பாதியாக்குங்கள். ஒரு மாவட்டம், ஒரு பயிர், ஒரு பத்தாண்டு போதும்.

விரிவுரையாளரிடம் போக வேண்டிய இடம்: இவ்வளவும் செய்தும் இரண்டு கேள்விகளுக்கிடையே தெரிவு செய்ய முடியாதபோது. "தலைப்புச் சரியா சேர்?" என்று கேட்டால் "சரி" என்ற ஒற்றைச் சொல்தான் திரும்பி வரும். இரண்டு கேள்விகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கைவசமுள்ள இரண்டு ஆதாரங்களையும் கீழே குறித்துக்கொண்டு போங்கள். நாலைந்து மூலங்கள் வாசித்த கட்டத்திலேயே போக வேண்டும். இருபது வாசித்த பிறகு போனால் எந்த ஆலோசனையும் கசக்கும்.

## அறிகுறி: நிலைப்பாடு எழுதியாயிற்று, ஆனால் கட்டுரையில் உயிர் இல்லை

"யானை–மனித மோதலுக்குத் தீர்வு காணப்பட வேண்டும்." இதை யார் மறுப்பார்? யானைகூட மறுக்காது.

நிலைப்பாட்டு வாக்கியத்தின் பக்கத்தில், அதை மறுக்கக்கூடிய ஒரு தரப்பின் பெயரை எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அது நிலைப்பாடல்ல, நல்லெண்ணம். "கிராமத்தைச் சுற்றிய மின்வேலியின் பராமரிப்பும் அதற்கான நிதியும் திணைக்களத்திடமிருந்து கிராம அமைப்பிடம் மாற வேண்டும்" என்று எழுதினால் வனசீவராசிகள் திணைக்களம் மறுக்கலாம், புதிய சுமை வேண்டாமென்று கிராமத்தவரே மறுக்கலாம். இப்போது வாதிக்க ஆள் இருக்கிறது.

இரண்டாவது காரணம் "மேலும்", "மற்றும்" என்ற ஒட்டு. ஒரே வாக்கியத்தில் இரண்டு நிலைப்பாடுகள் ஒளிந்திருக்கும். வலுவானதை வைத்து மற்றதை வெட்டுங்கள். "அவசியம்", "முக்கியம்", "விழிப்புணர்வு" என்ற மூன்று சொற்களில் ஒன்று உள்ளே கிடந்தாலும் மறுபடி எழுதத்தான் வேண்டும். இந்தப் பழுதுக்கு வெளி உதவி தேவையில்லை, அரை மணி நேர வேலை.

## அறிகுறி: சட்டகம் அழகாக இருக்கிறது, எழுதினால் தகவல் தொகுப்பாக வருகிறது

அடிக்கடி வரும் பழுது இதுதான். பாடசாலையில் பழகிய வடிவம் கையைவிட்டுப் போக மறுக்கிறது: அறிமுகம், வரலாறு, நன்மைகள், தீமைகள், தீர்வுகள், முடிவுரை. பரீட்சை மண்டபத்தில் அது உதவும். ஆதாரம் தேடி வாதாடும் கட்டுரையில் அந்தத் தலைப்புகள் எதையும் சொல்வதில்லை, வெறும் பெட்டிகள்தான்.

சோதனை ஒன்று: தலைப்புகள் பெயர்ச்சொற்களா, வாக்கியங்களா?

2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். "சேதனப் பசளையின் (இயற்கை உரத்தின்) நன்மைகள்" என்ற பெட்டியை நிரப்ப எவ்வளவும் கிடைக்கும், எதையும் நிறுவாது. அதே கட்டுரையை வாக்கியங்களாக வைத்தால் இப்படி வரும்:

நிலைப்பாடு: சேதனப் பசளைக்கு மாற முனைந்தது பிழையல்ல, அதை ஒரே போகத்தில் நாடு முழுவதும் செய்ய முயன்றதே பிழை.

ஏனெனில், காலபோக (மாரிகாலப் பெரும்போக) விதைப்புக்குள் தேவையான அளவு தரமான சேதனப் பசளையைத் திரட்ட ஏற்பாடு இருக்கவில்லை.

அதோடு, நெற்பயிருக்கு நைதரசன் அதிகம் வேண்டிய காலம் குறுகியது, சேதனப் பசளையோ அதை மெல்ல மெல்லத்தான் விடும். ஒரு போகத்தில் ஈடுசெய்ய முடியாது.

ஆகவே, அந்த இடைவெளியைக் கையில் சேமிப்பில்லாத, கடன்பட்டு விதைத்த சிறு கமக்காரரே சுமந்தனர்.

ஆயினும், உரம் இறக்குமதி செய்ய டொலர் இல்லாத அரசுக்கு வேறு வழி ஏது என்று கேட்பார்கள்.

அதற்குப் பதில்: தட்டுப்பாட்டுக்கு மருந்து பங்கீடும் முன்னுரிமைப் பட்டியலும், முழுத் தடை அல்ல. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்க வேண்டி வந்தது.

இதை மட்டும் உரத்து வாசித்தால் ஒரு நிமிடமும் ஆகாது, வாதம் முழுவதும் காதில் விழும். விழாவிட்டால் கட்டுரையிலும் விழப்போவதில்லை.

சோதனை இரண்டு: இடம் மாற்றிப் பார்த்தல். இரண்டாம் பந்தியையும் மூன்றாம் பந்தியையும் மாற்றி வையுங்கள். ஒன்றும் கெடவில்லையா? அப்படியென்றால் அவை ஒன்றையொன்று தாங்கவில்லை, வரிசையில் நிற்கின்றன. மேலே உள்ள சட்டகத்தில் "ஆகவே" வாக்கியத்தை முன்னால் கொண்டுவந்து பாருங்கள், உடனே இடறும். அந்த இடறல் இருப்பதுதான் நல்லது. வாக்கியங்களுக்கு இடையில் "ஏனெனில், ஆகவே, ஆயினும்" மூன்றில் ஒன்றாவது இயல்பாக உட்கார வேண்டும். எல்லா இடத்திலும் "மேலும்" மட்டுமே பொருந்தினால் கையில் இருப்பது பட்டியல்.

சோதனை மூன்று: ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் என்ன இருக்கிறது? இரண்டு ஆதாரம், அவை எங்கிருந்து வந்தன, எந்தப் பக்கம், அது எதைக் காட்டுகிறது என்று ஒரு வரி. வெறுமையாகக் கிடக்கும் இடம் எதுவோ அதற்காக மட்டும் வாசிக்கப் போங்கள். மேலே உள்ள சட்டகத்தில் முதல் காரணத்துக்கு உற்பத்தி, விநியோகத் தரவு வேண்டும், இரண்டாவதுக்கு விவசாயத் திணைக்களத்தின் உரப் பரிந்துரை, மூன்றாவதுக்குக் கடன் பற்றிய ஆய்வு. தேடவேண்டியது மூன்று விடயம்தான்.

செலவான காரணம்: ஆதாரம் வாக்கியத்தை ஆதரிக்கவில்லை என்று இந்தக் கட்டத்தில் தெரியவரும். சேமிப்பில்லாதவரே அதிகம் சுமந்தார் என்று எழுதிவிட்டீர்கள், கிடைத்த ஆய்வோ எல்லா அளவு காணிக்கும் ஒரே வீத இழப்பைக் காட்டுகிறது என்றால், மாற்ற வேண்டியது வாக்கியத்தை. ஆதாரத்தை வளைக்கக்கூடாது. நிலைப்பாட்டையே மாற்ற வேண்டி வந்தாலும் சட்டகத்தில் மாற்றுவது ஒரு மாலை வேலை, முழுக் கட்டுரையில் என்றால் ஒரு கிழமை.

## அறிகுறி: வன்னி பற்றி ஆதாரமே கிடைக்கவில்லை

இல்லை என்று முடிவு கட்ட முன் தேடும் முறையைப் பாருங்கள்.

எழுத்துக்கூட்டல். முல்லைத்தீவு, கிளிநொச்சி, இரணைமடு ஆகியவற்றை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒவ்வொன்றாகத் தேடுங்கள். தமிழிலும் "சேதனப் பசளை", "சேதன உரம்", "இயற்கை உரம்" மூன்றும் வெவ்வேறு முடிவுகளைத் தரும்.

"வன்னி" என்ற பெயரை மூலம் எந்த எல்லைக்கு வைத்திருக்கிறது? தேர்தல் தரவில் வன்னி என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் போய்விடும். பேச்சில் வன்னி என்றால் பலருக்குக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும்தான் முதலில் வரும். போதாததற்கு, கிளிநொச்சி தனி நிர்வாக மாவட்டமானது 1984 இல். அதற்கு முந்திய எண்களைத் தேடுகிறவர் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் தோண்ட வேண்டும். உங்கள் கட்டுரையில் வன்னி என்பது எந்த மாவட்டங்கள் என்று அறிமுகத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் கெட்டுப்போகும் கட்டுரைகள் நிறைய.

இல்லாத தரவைத் தேடுகிறீர்களா? 1981 குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு நாடு முழுவதையும் உள்ளடக்கிய அடுத்த மதிப்பீடு 2012 இல் நடந்தது. 2001 இல் எடுத்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நடத்த முடியவில்லை. ஆகவே "1991 முதல் 2001 வரை சனத்தொகை வளர்ச்சி" என்ற உபதலைப்பு சட்டகத்தில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், எந்த நூலகத்திலும் அதற்கு எண் கிடையாது. யாரோ ஒருவரின் கட்டுரையில் அப்படி ஒரு எண் இருந்தால் அது எண்ணி எடுத்ததல்ல, உத்தேசக் கணிப்பு. உத்தேசம் என்றே எழுதுங்கள்.

பலர் பார்க்காத இடங்கள். மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கையேடு. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகள்: அரச நிறுவனம் ஒன்று சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதால் வாதக் கட்டுரைக்கு இவை பொன். பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட். கடன் கொடுத்த வங்கிகள் தங்கள் தளத்தில் வெளியிடும் திட்ட ஆவணங்கள். பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் மலர்களுக்கும் நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன, வவுனியாவில் 2021 இலிருந்து தனிப் பல்கலைக்கழகம் உண்டு. இந்த இடங்களில் மாணவர் செய்த இறுதியாண்டு ஆய்வுகளில் இணையத்தில் ஏறாதவையும் இருக்கும்.

ஆளைத் தேட வேண்டிய இடம்: முதலில் நூலகர். நிலைப்பாட்டு வாக்கியத்தைக் காட்டி, "இந்த ஒரு எண் வேண்டும்" என்று கேளுங்கள். "வன்னி பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால் அவராலும் உதவ முடியாது. கமநல சேவை நிலையம், பிரதேச செயலகம் ஆகியவற்றுக்கு விரிவுரையாளரின் கடிதத்தோடு போனால் கதவு சீக்கிரம் திறக்கும். அதுவும் சரிவராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும், அதன்பின் தகவலைக் கையளிக்க மேலும் நாட்கள் போகலாம், சட்டம் நீடிப்புக்கும் இடம் வைத்திருக்கிறது. ஒப்படைக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது என்றால் இந்த வழியை விட்டுவிட்டுச் சட்டகத்தை மாற்றுவதே புத்தி.

## அறிகுறி: இரண்டு மூலங்களின் எண்கள் முட்டுகின்றன

ஒருவர் பொய் சொல்கிறார் என்று பாயாதீர்கள். பெரும்பாலும் அலகுதான்.

நெல்விளைச்சலைக் கமக்காரர் ஏக்கருக்கு இத்தனை புசல் அல்லது மூடை என்பார், திணைக்களம் ஹெக்டேயருக்கு இத்தனை கிலோ என்று போடும். ஒரு புசல் நெல் 20.87 கிலோ, ஒரு ஹெக்டேயர் 2.471 ஏக்கர். ஆகவே ஏக்கருக்கு 100 புசல் என்பதும் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 5,157 கிலோ என்பதும் ஒன்றே. மூடைக்கு நிலையான எடை இல்லை; எத்தனை கிலோ மூடை என்று தெரியாமல் எடுக்க வேண்டாம். குளத்து நீரில் ஒரு ஏக்கர் அடி ஏறத்தாழ 1,233 கன மீற்றர். இரணைமடுவின் கொள்ளளவை எடுக்கும்போது, கட்டு உயர்த்தப்படுவதற்கு முந்திய எண்ணா பிந்தியதா என்றும் பார்க்க வேண்டும்.

அலகு சரி என்றால் அடுத்தது காலம். காலபோகம் இரண்டு ஆண்டுகளில் கால் வைக்கும். 2020/21 காலபோகம் அறுவடையானது 2021 இன் தொடக்கத்தில், தடை வந்தது அந்த மே மாதத்தில். ஆகவே "2021 விளைச்சல் குறையவில்லையே" என்று காட்டும் அட்டவணையில் பாதிக்கு மேல், தடைக்கு முந்திய நெல். தடையின் முழுத் தாக்கத்தைத் தேடுகிறவர் 2021/22 காலபோகத்தைத்தான் பார்க்க வேண்டும். விதைத்த பரப்பால் வகுத்தார்களா, அறுவடை செய்த பரப்பால் வகுத்தார்களா என்பது கடைசிச் சந்தேகம். வெள்ளமோ வரட்சியோ வந்த ஆண்டில் இந்த வித்தியாசம் பெரிது.

இத்தனைக்குப் பிறகும் முட்டினால் இரண்டு எண்ணையும் கட்டுரையில் வைத்து, எதை ஏன் ஏற்றீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். நல்ல பரீட்சகர் அந்த இரண்டு வரிக்குப் புள்ளி கொடுப்பார்.

## அறிகுறி: எதிர்வாதம் ஒட்டுப்போட்டதுபோல் இருக்கிறது

கடலடியில் வலையை இழுத்துப் பிடிக்கும் இழுவைமடி மீன்பிடிக்கு எதிரான கட்டுரைகளைப் பாருங்கள். "சிலர் இழுவைமடி நல்லது என்பர். ஆனால் அது கடலை அழிக்கிறது." அப்படி யாரும் சொல்வதில்லை. ஆளில்லாத வீட்டில் கதவை உதைப்பதில் வீரம் இல்லை.

எளிய காரணம்: எதிர்த்தரப்பின் உண்மையான வாதத்தைக் கேட்கவில்லை. இலங்கையில் இழுவைமடி 2017 இன் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆகவே சட்டம் வேண்டுமா என்ற கட்டம் முடிந்துவிட்டது. இன்று வரும் உண்மையான எதிர்ப்பு வேறு: உள்ளூர்ப் படகுகளைப் பற்றி வாய் திறக்காமல் அக்கரை இந்தியப் படகை மட்டும் ஏன் சொல்கிறீர்கள், அந்தப் படகில் கூலிக்கு ஏறுபவனுக்கு வேறு தொழில் என்ன, கைது செய்து படகைப் பறித்தும் வருகை நிற்கவில்லையே. இவற்றில் ஆகக் கடினமான ஒன்றை எடுங்கள். அந்தத் தரப்பைச் சேர்ந்தவர் வாசித்து "ஆம், இதைத்தான் சொல்கிறேன்" என்று ஒப்பும் அளவுக்கு மூன்று வாக்கியம் எழுதுங்கள், பிறகு பதில்.

இடம் பிழை: முடிவுரைக்கு முன் கடைசிப் பந்தி என்று விதி எதுவும் இல்லை. எந்தக் காரணத்தை அது தாக்குகிறதோ அதன் கீழேயே வைப்பது பல நேரம் நல்லது.

செலவான காரணம்: பதில் சொல்ல முடியவில்லை. அப்போது நிலைப்பாட்டைச் சுருக்க வேண்டும். "தடையை உடனே முழுமையாக அமுல்படுத்த வேண்டும்" என்பது "மாற்றுத் தொழிலுக்கான காலக்கெடுவோடு" என்று மாறலாம். அது தோல்வி அல்ல, கட்டுரை பெரும்பாலும் அங்கேதான் கனம் பெறுகிறது.

## அறிகுறி: பாதியிலேயே சொல் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது

வரலாறு தின்றிருக்கும். வேறு காரணம் அபூர்வம். 2,000 சொற்களுக்கு இப்படிப் பங்கிட்டுச் சட்டகத்தின் ஓரத்தில் எழுதுங்கள்: அறிமுகம் 200, பின்னணி 250, மூன்று காரணங்களுக்கும் தலா 350, எதிர்வாதமும் பதிலும் 350, முடிவு 150. பின்னணியில் ஒவ்வொரு வரியையும், பின்னால் எந்தக் காரணத்துக்கு இது வேண்டும் என்று கேட்டு, விடை இல்லாததை வெட்டுங்கள். இரணைமடு எப்போது கட்டப்பட்டது என்பது நீர்ப்பகிர்வு வாதத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

## அறிகுறி: மேற்கோள் எங்கே எடுத்தது என்று தெரியவில்லை

குறிப்பெடுக்கும்போதே ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பக்கம், இணையம் என்றால் பார்த்த திகதி ஆகியவற்றை எழுதாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். சொல்லுக்குச் சொல் எடுத்ததை மேற்கோள் குறிக்குள்ளும், உங்கள் சொல்லில் சுருக்கியதைக் குறியில்லாமலும், உங்கள் சொந்த எண்ணத்தை வேறு நிறத்திலும் எழுதுங்கள். இந்த மூன்றும் கலந்துவிட்ட கொப்பியிலிருந்துதான் கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டு பிறக்கிறது, திருடும் எண்ணம் இல்லாதவருக்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த உசாத்துணை என்றால் ஒவ்வொன்றையும் தேடித் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரைக்கு ஆண்டும் பக்கமும் போட்டுத் தரும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. திறக்க முடியாததைச் சட்டகத்திலிருந்தே எடுத்துவிடுங்கள், அது தாங்கிய வாக்கியத்துக்கு வேறு ஆதாரம் கிடைக்காவிட்டால் வாக்கியத்தையும். சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கையில் மூலம் தொலைந்த மேற்கோள் ஒன்று இருந்தால் அதைத் தேடி அலையாமல் வெட்டுங்கள். அந்த ஒரு மேற்கோள் இல்லாமல் வாதமே விழும் என்றால் மட்டும், அன்றைக்கே விரிவுரையாளரிடம் சொல்லித் தவணை கேளுங்கள்.